எட்டு யூரோ சிவப்பு

1210-ஆம் ஆண்டு. போப்பாண்டவர் ஏவிய சிலுவைப் படை, சிமோன் த மோன்ஃபோர் தலைமையில் தெர்ம் கோட்டையைச் சூழ்ந்து நின்றது. கத்தார்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஒழித்துக்கட்டுவது நோக்கம். கோட்டை நான்கு மாதம் தாக்குப்பிடித்தது. உள்ளே தண்ணீர் தீர்ந்துபோயிற்று, ஒயின் தீரவில்லை. அதைக் குடித்தே இன்னும் இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிடலாம் என்ற நிலை. அப்போதுதான் மழை கொட்டியது. தாகத்தில் கிடந்தவர்கள் கைக்குக் கிடைத்த பீப்பாயிலெல்லாம் மழைநீரைப் பிடித்து, அதில் சமைத்து, அதையே குடித்தார்கள். வயிற்றுக்கடுப்பு கோட்டை முழுக்கப் பரவியது. ஓர் இரவில் உள்ளே இருந்தவர்கள் தப்பி ஓட, கோட்டை விழுந்தது. ஒயினோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார்களே என்று எனக்கு இந்தக் கதையைச் சொன்ன விவசாயி கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்.

கோட்டையின் இடிபாடு இன்னும் குன்றின்மேல் இருக்கிறது. சுற்றியுள்ள மலைநாட்டுக்குப் பெயர் கொர்பியேர். பிரான்சின் தெற்கில், நார்போன், கர்கசோன், பெர்ப்பின்யான் என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே கிடக்கிறது. எண்ணூறு ஆண்டுகளில் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. தண்ணீர் அரிது, ஒயின் ஏராளம். அந்த ஏராளம்தான் இப்போது தொல்லையே.

பாரிஸிலிருந்து நார்போனுக்கு ரயிலில் நாலரை மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் புதுச்சேரி அண்ணன் காரோடு நின்றிருந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படி வந்து தென்பிரான்சிலேயே தங்கிவிட்ட புதுச்சேரிக் குடும்பங்கள் உண்டு. கர்கசோனில் வளர்ந்தாலும் தமிழை அம்மாவிடமே கற்றவர் என்பதால், அண்ணன் பேச்சில் பழைய முத்தியால்பேட்டை அப்படியே இருக்கிறது. "பெரிய பெரிய ஷத்தோ பாக்கணும்னா போர்தோ போயிருக்கணும் தம்பி. இங்க எல்லாம் குடியானவங்க வூடுதான்" என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் எண்பது யூரோ, எண்ணூறு யூரோ பாட்டில்களைப் பற்றியே எழுதுகிறார்கள். ஒரு விவசாயக் குடும்பம் இயற்கை முறையில் திராட்சை வளர்த்து, தானே பிழிந்து, தானே பாட்டிலில் அடைத்து, எட்டு யூரோவுக்கு விற்கிறது என்றால் அது எப்படி முடிகிறது? பிரான்சின் குறைந்தபட்சக் கூலியில் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பதைவிட அது குறைவு. எனக்கு அந்தக் கணக்குதான் புதிராக இருந்தது.

குளிர்காலம். நார்போனை விட்டு வெளியே வந்ததும் கார் ஒருபக்கமாக இழுத்தது. செர்ஸ் காற்று. வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வீசும். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது இந்தக் காற்றுக்கு ஒரு கோயிலே கட்டினார் என்று செனகா எழுதிவைத்திருக்கிறார். கூரையைப் பிய்க்கும் காற்றுக்குக் கோயில் எதற்கு என்றால், அது வானத்தைத் துடைத்து வைக்கிறதாம். எட்டு யூரோ புதிருக்குப் பாதி விடை இந்தக் காற்றில் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

வழியில் லக்ராஸ் என்ற ஊரில் ஓர் எட்டாம் நூற்றாண்டு மடாலயம் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது இரண்டாகப் பிரித்து விற்கப்பட்டது. இன்றும் ஒரு பாதியில் துறவிகள், மறுபாதி மாவட்ட நிர்வாகத்தின் கையில். அழகான இடம். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

நாங்கள் போன தோட்டம் 18 ஹெக்டேர். ஒரே துண்டு அல்ல; மலைச்சரிவில், ஓடைக்கரையில், சாலையோரத்தில் என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகள். நடத்துவது ஓர் அப்பாவும் மகளும். அப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. மகள் நியூசிலாந்தில் ஓர் அறுவடைக் காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள், ஆங்கிலம் பேசுகிறாள். அப்பாவின் பிரெஞ்சில் ஒக்சிடான் மொழியின் சாயல் தடிப்பாக விழுவதால் அண்ணனே சில இடங்களில் திணறினார்.

இருவரும் கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். கம்பத்தில் பந்தல் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் செடிகள் முதலில் ஏமாற்றம்தான். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் கறுத்த கட்டைகள். காற்றுக்குத் தாழ்ந்து நிற்பதற்காகவே அப்படி வளர்க்கிறார்கள். கம்பத்தின் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு 1832-இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொன்னேன். ஆண்டுக்கு எத்தனை அறுவடை என்று கேட்டார் அப்பா. ஒன்றுக்கு மேல் என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். இங்கே ஒன்றே ஒன்று, அதுவும் செப்டம்பரில். அந்த மூன்று வாரத்தில் கெட்டது அந்த ஆண்டுக்கே கெட்டது.

கட்டைகளில் மிகப் பழையவை கரின்யான் என்ற வகை. அப்பாவின் தாத்தா நட்டவை. ஒரு காலத்தில் பிரான்சிலேயே அதிகம் பயிரான சிவப்பு வகை இதுதான். காய்ப்பு ஏராளம், சுவை முரடு. எண்பதுகளின் கடைசியிலிருந்து ஐரோப்பிய மானியம் கொடுத்துப் பிடுங்கச் சொன்னார்கள். பிடுங்கிய இடத்தில் சிரா என்ற வகையை நடச் சொன்னார்கள். அப்பா பாதியைப் பிடுங்கினார். மீதியைப் பிடுங்காததற்குக் காரணம் தொலைநோக்கு ஒன்றும் இல்லை, டிராக்டர் ஏறாத சரிவு என்பதுதான். அந்தக் கிழட்டுச் செடிகள் இப்போது செடிக்கு ஒரு கிலோகூடக் கொடுப்பதில்லை. கொடுப்பது அடர்த்தியாக இருக்கிறது. பாட்டிலின் முதுகெலும்பு அதுதான்.

இந்த மண்ணில் மலிவான ஒயினைப் பற்றிப் பேசும்போது 1907 வராமல் இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா பூச்சி வேரைத் தின்று பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்ச்செடியில் உள்ளூர் வகையை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் சந்தையை வேறு சரக்குகள் பிடித்துக்கொண்டன. சர்க்கரைத் தண்ணீரில் செய்த ஒயின், உலர்திராட்சையை ஊறவைத்துச் செய்த ஒயின், அன்றைய காலனியான அல்ஜீரியாவிலிருந்து கப்பலில் வந்த ஒயின். தெற்கத்தி விவசாயி மறுபடி காய்க்கவைத்தபோது விலை தரைமட்டம். 1907 மார்ச் 11 அன்று அர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் நார்போனுக்குக் கிளம்பினார்கள். தலைவர் மார்சலென் அல்பேர், திராட்சை விவசாயி, ஊரில் சின்னதாக ஒரு கஃபே வைத்திருந்தவர். ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் கூடிய கூட்டம் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பிரதமர் கிளமான்சோ ராணுவத்தை அனுப்பினார். நார்போனில் துப்பாக்கிச் சூடு. செத்தவர்களில் இருபது வயதுப் பெண் ஒருத்தியும் உண்டு. செய்தி கேட்டு 17-ஆம் காலாட்படைச் சிப்பாய்கள் கலகம் செய்து பெசியே நகருக்கு நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பிள்ளைகள்.

அல்பேரின் முடிவுதான் மனதைத் தைக்கிறது. ஒளிந்து ஒளிந்து பாரிஸ் போய்க் கிளமான்சோவையே நேரில் பார்த்தார். பேசி முடித்ததும் பிரதமர் ரயில் செலவுக்கு நூறு பிராங்க் கொடுத்தார், மனிதர் வாங்கிக்கொண்டார். கிளமான்சோ அதைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். விலைபோனவன் என்று சொந்த மக்களே அவரைத் தூற்றினார்கள். ஆனாலும் போராட்டம் வீண்போகவில்லை. ஜூன் 29-இல் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. செப்டம்பரில் வந்த ஆணை, புதிய திராட்சை அல்லது அதன் சாறு நொதித்து உண்டானதே ஒயின் என்று வரையறுத்தது. இன்று உலகில் எவர் ஒயின் பாட்டிலைத் திறந்தாலும் உள்ளே திராட்சைதான் இருக்கும் என்று நம்புவதற்கு இந்த ஊர்க்காரர்களும் ஒரு காரணம். அப்பா இந்தக் கதையை நேற்று நடந்ததுபோல் சொன்னார். மகளுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தது.

பிறகு கூட்டுறவு ஆலைகள் வந்தன. ஊருக்கு ஒன்று. இவர்கள் குடும்பமும் மூன்று தலைமுறை கூட்டுறவுக்குத்தான் பழம் கொடுத்தது. எடைக்கும் சர்க்கரை அளவுக்கும் காசு. இயற்கை முறைக்குத் தனி விலை இல்லை. அப்பா வெளியே வந்து சொந்தமாகப் பாட்டில் போட ஆரம்பித்தது அதனால்தான். ஆலைகளில் ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது: வீட்டிலிருந்து கேனைக் கொண்டுபோனால், பெட்ரோல் பங்க்கில் போடுவதுபோல் குழாய் வைத்து லிட்டர் கணக்கில் ஒயின் ஊற்றித் தருகிறார்கள். அண்ணன் சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கேன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாராம்.

சரி, காற்று. திராட்சைக்கு எமன் பூஞ்சை. அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும். முதலாவது, இலை ஈரமாக இருந்தால் பரவும். மழை அதிகமான போர்தோவில் இயற்கை விவசாயம் செய்கிறவர் மழைக்கு மழை மருந்தடிக்க ஓட வேண்டும். கொர்பியேரில் மழை பெய்த மறுநாளே செர்ஸ் காற்று இலையை உலர்த்திவிடுகிறது. டீசல் மிச்சம், மருந்து மிச்சம், ஆள்கூலி மிச்சம். பிரான்சில் இயற்கை முறைத் திராட்சைத் தோட்டம் மிக அதிகமாக உள்ள மாநிலம் ஒக்சிடானி என்றால், அதற்குக் கொள்கைப் பிடிப்பு மட்டும் காரணமல்ல.

இயற்கை முறை என்றால் மருந்தே கிடையாது என்று நினைப்பவர்கள் உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை இவர்களும் தெளிக்கிறார்கள். நம் ஊர் விவசாயிகளுக்கும் பழக்கமான அதே கலவை. செம்பு மண்ணில் தங்கும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால் ஐரோப்பிய விதி, ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ செம்புக்கு மேல் கூடாது என்கிறது. சாம்பல் நோய்க்குக் கந்தகம். காய்ப்புழு அந்துப்பூச்சிக்கு விஷம் இல்லை. பெண் பூச்சியின் வாசனையைக் கசியவிடும் குப்பிகளைத் தோட்டம் முழுக்கக் கட்டிவிடுகிறார்கள். எங்கும் பெண் வாசனை, எங்கும் பெண் இல்லை. ஆண் பூச்சி அலைந்து அலைந்து ஓய்ந்துவிடும். களைக்கொல்லி அடியோடு கிடையாது. செடிக்குச் செடி நடுவே உழவு. இந்தக் கடைசி வேலைதான் செலவு. ஒயினில் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் வரம்பு குறைவு: வழக்கமான சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம், இயற்கை முறையில் 100. முறை மாறிய பிறகு மூன்று ஆண்டு காத்திருந்தால்தான் சான்றிதழ். அந்த மூன்று ஆண்டும் செலவு இயற்கை முறைக்கானது, விலை பழைய விலை.

தொட்டிகள் இருக்கும் கட்டடம் வீட்டோடு ஒட்டியது. உள்ளே பளபளக்கும் எஃகு எதிர்பார்த்தேன். தாத்தா காலத்துச் சிமெண்ட் தொட்டிகள். காசில்லாமல் வைத்திருந்தார்களாம், இப்போது பணக்காரத் தோட்டங்கள் சிமெண்ட் தொட்டி தேடி வாங்குகின்றன என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார் அப்பா. கரின்யானை மட்டும் உடனே பிழிவதில்லை. கரியமில வாயு நிரப்பிய தொட்டியில் குலைகளை முழுசாக இறக்கி மூடிவிடுகிறார்கள். பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்குகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் முரட்டுத் துவர்ப்பு அடங்கி, பழச்சுவை மட்டும் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் பிழிவது.

கொர்பியேர் என்ற பெயரை லேபிளில் போட வேண்டுமானால் கலவையாகத்தான் இருக்க வேண்டும். 1985-இல் தகுதி கிடைத்த அந்தப் பெயருக்கு அது சட்டம். ஒரே வகைத் திராட்சை செல்லாது. கலவை என்றதும் நான் சமையல் நுணுக்கம்போல ஒன்றை எதிர்பார்த்தேன். மகள் அதை வேறுவிதமாகச் சொன்னாள். கிரெனாஷ் என்ற மூன்றாவது வகை பூக்கும் நேரத்தில் குளிர்ந்தால் பூ உதிரும். சிரா சீக்கிரம் பழுக்கும், வெயில் நீண்டால் செடியிலேயே சுருங்கும். கரின்யான் கடைசியில் பழுக்கும், சாம்பல் நோய் முதலில் அதைத்தான் பிடிக்கும். மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே காரணத்தால் கெடுவதில்லை. சுவையில் கிரெனாஷ் சதையும் மதுவும் தருகிறது, சிரா நிறமும் மணமும், கரின்யான் புளிப்பும் பிடிப்பும். ஆனால் சுவை கண்டுபிடிக்கப்பட்டது பிறகு, முதலில் பயம். எனக்கு இது மிகவும் சரியாகப்பட்டது. மூன்று பயிரை ஊடுபயிராகப் போடுகிற எந்த மானாவாரி விவசாயிக்கும் விளக்கம் தேவைப்படாது.

அன்றைக்கு மேசையில் அளவுக்குடுவையும் பிப்பெட்டும் சிறிய பாட்டில்களும் இருந்தன. 2025 அறுவடையின் கலவையைத் தீர்மானிக்கும் நாள். ஒவ்வொரு பாட்டிலிலும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய தொட்டி எண். ஒன்றை மட்டும் தனியே ஒதுக்கி வைத்திருந்தாள்.

2025 ஆகஸ்ட் 5 பிற்பகல், ரிபோத் என்ற ஊரருகே தீ பிடித்தது. அந்தக் காற்றேதான் அதையும் ஓட்டியது. ஏறத்தாழ 16,000 ஹெக்டேர் எரிந்தது. பாரிஸ் நகரத்தின் பரப்பைப்போல ஒன்றரை மடங்கு. ஒரு பெண் இறந்தார், வீடுகள் போயின. பிரான்சின் மத்தியதரைக்கடல் பகுதியில் குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு பெரிய தீ இல்லை. வரும் வழியில் மலை மலையாகக் கறுப்பு. நடுநடுவே பச்சையும் பழுப்புமாகச் சதுரங்கள்: உழுது வைத்த திராட்சைத் தோட்டங்கள். அவற்றின் விளிம்பில் ஓரிரு வரிசை கருகியிருக்கிறது, அவ்வளவுதான். தீ அங்கே வந்து நின்றிருக்கிறது. கைவிட்ட தோட்டங்களிலும் பிடுங்கிப்போட்ட நிலங்களிலும் புல்லும் முள்ளும் காய்ந்து கிடந்ததால் நிற்காமல் ஓடியிருக்கிறது.

பிடுங்கியது ஏன்? பிரெஞ்சுக்காரர்கள் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். 1960 வாக்கில் தலைக்கு ஆண்டுக்கு 120 லிட்டருக்கு மேல் குடித்தவர்கள் இன்று அதில் மூன்றில் ஒரு பங்குதான் குடிக்கிறார்கள். (பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மதிய உணவில் ஒயின் கொடுப்பது 1956-இல்தான் தடைசெய்யப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்தது நல்லதற்குத்தான்.) தேங்கும் சரக்கைச் சமாளிக்க, செடியை வேரோடு பிடுங்கி மறுநடவு உரிமையையும் விட்டுக்கொடுத்தால் ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று அரசு அறிவித்தது. நாடு முழுக்க ஏறத்தாழ 27,000 ஹெக்டேருக்கு மனு போனது. கொர்பியேர் அடங்கிய ஓத் மாவட்டம் அதில் முன்வரிசையில். 2022 தொடங்கி அடுத்தடுத்து வந்த வறட்சி வேறு. ஒயின் விற்கவில்லை என்பதால் தோட்டம் போனது, தோட்டம் போன இடத்தில் தீ வந்தது. மலிவான ஒயின் ஒன்று சந்தையில் தோற்பதற்கு இப்படியும் ஒரு செலவு உண்டு. அதை எந்த விலைப்பட்டியலும் சொல்வதில்லை.

இவர்கள் தோட்டம் எரியவில்லை. ஆனால் எரிந்த சரிவுக்குக் கீழே ஒரு கிரெனாஷ் துண்டு. அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கையில் நாள்கணக்கில் புகையில் நின்றது. புகையின் ஃபீனால் சேர்மங்கள் பழத்தோலுக்குள் புகுந்து சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்ளும். பழத்தைத் தின்றால் தெரியாது. நொதிக்கும்போது கொஞ்சம் அவிழும், பாட்டிலில் கிடக்கக் கிடக்க மேலும் அவிழும். வெள்ளை ஒயினில் தோலை உடனே நீக்கிவிடலாம். சிவப்புக்குத் தோலோடு ஊறினால்தான் நிறம். ஒதுக்கி வைத்த பாட்டில் அந்தத் துண்டுடையது. ஊற்றித் தந்தாள். முதலில் நல்ல பழம்; விழுங்கியபின் அணைந்த சிகரெட்டின் கசப்பு. வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால் அண்ணன் ஒவ்வொன்றையும் துப்பிக்கொண்டிருந்தார். இதைத் துப்பியபிறகு தண்ணீர் கேட்டார்.

பத்து சதவீதம் கலந்தால் யாருக்கும் தெரியாது என்றார் அப்பா. இரண்டு வருஷம் கழித்துத் தெரியும் என்றாள் மகள். எட்டு யூரோ பாட்டிலை எவன் இரண்டு வருஷம் வைத்திருப்பான் என்றார் அப்பா. நான் வைத்திருப்பேன் என்றாள். அந்தத் தொட்டி வெளியே போயிற்று. வடிசாலைக்குப் போகும். கிரெனாஷ் குறைந்ததால் கரின்யான் பாதிக்கு அருகே ஏறியது, சிரா கொஞ்சம் கூடியது. மூன்றாவது குடுவையில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். குடித்துப் பார்த்தேன். நிறம் அடர்த்தி, உடம்பு ஒல்லி. கறுத்த பழத்தின் சுவைக்குப் பின்னால் இந்த மலையெங்கும் மண்டிக்கிடக்கும் தைம், ரோஸ்மேரியின் காட்டு வாசனை. நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு, அடுத்த வாயைக் கேட்க வைக்கும் புளிப்பு. சாப்பாடில்லாமல் குடிக்க வேண்டிய ஒயின் அல்ல. "ஆட்டுக்கறிக் கொழம்போட நல்லா போவும் தம்பி, மொளகா மட்டும் கம்மியா போடணும்" என்றார் அண்ணன். சரியான யோசனை. மிளகாய்க் காரத்தில் இந்தத் துவர்ப்பு எரிச்சலாகிவிடும்.

எட்டு யூரோவைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். மகள் கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்தாள். விற்பனை வரி 20 சதவீதம். மதுவுக்கென்று தனியாக உள்ள தீர்வை பாட்டிலுக்கு மூன்று சென்ட்தான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் இந்த எண்ணை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொள்வார், நானும் செய்தேன். கண்ணாடி, தக்கை, லேபிள், அட்டைப்பெட்டி சேர்ந்து ஒன்றரை யூரோவுக்குச் சற்றுக் கீழே. அறுவடைக் கூலி, டீசல், செம்பு, கந்தகம், சான்றிதழ்க் கட்டணம், வங்கித் தவணை. எல்லாம் போக ஒரு தொகை மிஞ்சியது. அந்தத் தொகைக்கு நேரே இரண்டு பேர் ஆண்டு முழுக்கச் செய்யும் வேலைக்கான ஊதியம் என்ற வரி இருந்திருக்க வேண்டும். புத்தகத்தில் அந்த வரியே இல்லை. புதிரின் மறுபாதி விடை அதுதான். பெரிய நிறுவனம் எதுவும் இந்த விலைக்கு இப்படி ஒன்றைச் செய்ய முடியாது, ஏனென்றால் அது சம்பளம் கொடுக்க வேண்டும்.

இந்த ஆண்டு ஒன்பதரை என்றாள் மகள். சரக்கு குறைவு, ஒரு தொட்டியை வேறு வெளியே தள்ளியாயிற்று. அப்பா மறுத்தார். கிராமத்து இறைச்சிக் கடைக்காரர், தபால்காரர், லெசின்யான் புதன்கிழமைச் சந்தையில் பெட்டி பெட்டியாக வாங்கும் ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் எட்டு யூரோவுக்குப் பழகியவர்கள். ஒன்பதரை என்றால் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்கள் என்றார். போகட்டும், ஜெர்மனிக்கு விற்கலாம் என்றாள் அவள். ஜெர்மன்காரன் உன் கல்யாணத்துக்கு வருவானா என்று அவர் கேட்டதை அண்ணன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். கடைசியில் எட்டரையில் ஒரு சமாதானம் மாதிரி ஏதோ ஏற்பட்டது. விலைப்பலகையை நீயே எழுதி மாட்டு, முதல் புதன்கிழமைச் சந்தைக்கும் நீயே போ என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அப்பா மறுபடி கவாத்துக்குக் கிளம்பினார். இன்னும் நாலு ஹெக்டேர் பாக்கி இருந்தது.